கை மாறிய படம்

ஓவியம் வரையும் பெண் தான் வரைந்த படத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். வில்லு மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஐம்பது வருடத்துக்கு முன் வானொலியில் வாரம் தவறாமல் வந்த கப்பல் கதைத் தொடருக்கு இன்னும் ரசிகர்கள் உண்டு. அப்போது பிறக்கக்கூட இல்லாத பிள்ளைகள் அதற்குப் படம் வரைகிறார்கள், கதை கட்டுகிறார்கள். இப்போது அதன் வரலாற்றைப் புத்தகமாகவே போடுகிறார்கள். அதன் அட்டைக்கான இந்தப் படத்தில், கப்பல் மேல்தளத்தில் நின்று வயலின் வாசிப்பவர் மாஸ்டர்தான். தொடரின் தொடக்கத்தில் வரும் அந்த ஒன்றரை நிமிட வாசிப்புதான் அவருக்குப் பேரும் சோறும் தந்தது.

முகம் அச்சு அசலாக இருந்தது. மூக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் வலது கையில் இருக்கவேண்டிய வில் இடது கையில் இருந்தது.

"கை மாறிப் போச்சேம்மா."

"இல்லைங்க சார், போட்டோவைப் பார்த்துத்தான் வரைஞ்சேன்."

போட்டோவை எடுத்து நீட்டினாள். தொடருக்கான பதிவின்போது எடுத்தது, ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்த ஒருவரின் ஆல்பத்தில் கிடைத்ததாம். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு வயலின், இடது கையில் வில். முகத்தை மைக் மறைத்திருந்தது, உடம்பு இருட்டில் இருந்தது.

"நெகடிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருப்பாங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். பின்னால கடிகாரத்தைப் பாருங்க. எண்ணெல்லாம் நேராத்தானே இருக்கு?"

அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாஸ்டருடைய தங்கையின் கத்திச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

"அப்போ அன்னிக்கு இடக்கையாலயா வாசிச்சீங்க சார்? இதை யாருமே எழுதலையே. ஒரு பக்கம் தனியா போட்டுடலாம். இன்னிக்குச் சாயங்காலம் அச்சுக்குப் போகுது, சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

நாலு மணிக்குப் போனில் சொல்வதாக அவளை அனுப்பிவைத்தார்.

அன்று, அந்தப் பதிவுக்கு நாலு நாள் முன்னால் கார் கதவில் அவருடைய விரல்கள் நசுங்கின. வாய்ப்பை விட்டால் இன்னொருவன் கொத்திக்கொண்டு போவான். அப்பாதான் வழி கண்டார். அந்த வீட்டில் அண்ணனுக்குச் சமமாக, ஏன், அவரைவிட ஒரு படி மேலாகவே வாசித்தவள் தங்கை. நம் வீட்டுப் பெண் நாலு பேர் முன்னால் வாசித்தாள் என்று பேர் வரக்கூடாது என்றார் அப்பா. விடியும் முன்னே அவளைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த இரண்டு பேரின் வாயையும் கட்டினார். இசைத்தட்டில் அண்ணன் பேர் ஏறியது. யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். அந்த வீட்டில் வாக்கு என்றால் வாக்கு. அதன் பிறகு வயலினை அவள் தொடவே இல்லை. விரல் ஆறியதும் மாஸ்டர் அதே மெட்டை மேடை மேடையாக வாசித்தார். கைதட்டியவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"கேட்டியா?"

"காது இன்னும் நல்லாத்தான் இருக்கு."

"படத்துல கையை மாத்தச் சொல்லிடறேன்."

"சொல்லு. எனக்கென்ன?" நறுக்கியதைத் தண்ணீரில் தள்ளினாள். இடது கையால்தான். "ஆனா கை மாறினது படத்துல இல்லண்ணா."

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "அப்பா பேரு கெட்டுப்போகும்."

"அப்பா போய் முப்பது வருஷமாச்சு. பேரை நீதானே வெச்சிருக்கே."

"நீ வாக்குக் கொடுத்திருக்கே."

"கொடுத்தேன், காப்பாத்தினேன். உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?"

யோசித்துப் பார்த்தால் அவரிடம் யாரும் எந்த வாக்கும் கேட்கவில்லை. கேட்காமலே ஐம்பது வருடமாக ரகசியத்தைக் காத்து வந்திருக்கிறார்.

நாலு மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு, யாரோ எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் நேராக உட்கார்ந்து போன் செய்தார்.

"கை சரியாத்தான் இருக்கும்மா. முகம்தான் தப்பு."

"புரியலையே சார்."

"அது என் தங்கச்சி கை. வாசிச்சது அவ."

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அப்போ அவங்களோட அந்த வயசுப் போட்டோ வேணுமே சார். வயலினோட ஒண்ணு இருந்தா போதும்."

சுவரைப் பார்த்தார். அவருடைய படங்கள் பதினொன்று, பதினொன்றிலும் கையில் வயலின். போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே கேட்டார்.

"எடுத்திருந்தாத்தானே இருக்கும்," என்றாள் தங்கை. சற்றுப் பொறுத்து, "நேர்ல வந்து பார்த்து வரையச் சொல்லு. கிழவியாவே வரையட்டும்."

"அச்சை நிறுத்தி வைம்மா. நாளைக்கு வா," என்று சொல்லிப் போனை வைத்தார்.

தங்கை ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்று காத்திருந்தார். கத்திச் சத்தம்தான் கேட்டது. பன்னிரண்டாவதாக மாட்டியிருந்த அப்பா படத்தின் பக்கம் அன்று அவர் திரும்பவே இல்லை.