தம்பியின் அனுமதி

பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு நான் வருவது இது ஐந்தாவது தடவை. உத்தியோகத்தர் தங்கராசா என் கோப்பைத் திறக்கும்போதே மூடுகிற முகத்தோடுதான் திறந்தார்.

அப்பா போன வருடம் செத்துப்போனார். அரசாங்கம் தந்த காணிப் பெர்மிட்டில், தனக்குப் பிறகு காணி யாருக்கென்று எழுதி வைக்கவில்லை. மூத்த பிள்ளை நான். எட்டு வருடமாக அந்த இரண்டு ஏக்கரில் விதைத்ததும் மருந்தடித்ததும் யானை விரட்ட வெடி கொளுத்தியதும் நான். பிரான்சில் இருக்கிற தம்பி சாருஜன் வரம்பில் கால் வைத்துப் பத்து வருடம். ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்ற விதியையும் எப்போதோ மாற்றிவிட்டார்கள். அந்தச் சட்டத்தை அச்செடுத்து முதல் தடவையே கொடுத்தேன். மனிதர் அதன்மேல் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்திருந்தார்.

“சட்டம் சரி தங்கச்சி. நாளைக்குத் தம்பி வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது? அவர் ஒரு கடிதம் தரட்டும்.”

வெள்ளிக்கிழமை கமக்காரர் அமைப்புக் கூட்டம். குளத்தில் தண்ணீர் குறைவு. சிறுபோக விதைப்புக்குத் தண்ணீரைப் பங்கு பிரித்துத்தான் தருவார்கள், பெர்மிட்டில் பெயர் மாறாவிட்டால் எனக்குப் பங்கில்லை.

கடிதம் இல்லாமலும் இல்லை. எனக்குத் தெரியாமல் அம்மா கேட்க, தம்பி உடனே அனுப்பிவிட்டான். என் போனில் கிடக்கிறது. ‘எனது சகோதரி சுதாஜினி மேற்படி காணியைச் செய்வதற்கு மனமுவந்து அனுமதி அளிக்கிறேன்.’ நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. என் காணியைச் செய்ய எனக்கு அனுமதி தர இவன் யார்?

பக்கத்துக் கதிரையிலிருந்த அம்மா என் முழங்கையை இடித்தா. “போனைக் காட்டன் பிள்ளை. உன்ர வீம்பால பங்கும் போகப்போகுது.”

வீம்புதான். போனைக் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்து மூடினேன்.

“சேர், தம்பியின்ர கடிதம் இல்லாமல் பெயர் மாத்தேலாது எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. நான் போறன்.”

தங்கராசா நிமிர்ந்து பார்த்தார். அம்மா தலையில் கை வைத்தா. அவர் வெள்ளைத் தாள் ஒன்றை இழுத்து, திகதி போட்டார். பிறகு பேனை நின்றுவிட்டது.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண் தன் காணிக் கோப்பை மார்போடு அணைத்தபடி ஒரு அடி முன்னே வந்து, அவர் என்ன எழுதப்போகிறார் என்று மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.