பனிச்சிறுத்தையின் கால் மரத்துப்போகும்வரை

நாரின் வட்டார மலைச்சரிவில் கண்ணியில் சிக்கிய பனிச்சிறுத்தையின் முன்னங்காலில் மூன்று விரல்கள் அழுகியிருந்தன. அவற்றை அன்றே வெட்டியெடுத்தாக வேண்டும். நுரையீரலில் சளி கட்டியிருந்ததால், ஆழ்ந்த மயக்கத்தை அது தாங்காது என்று மயக்க மருத்துவர் பெகிமாய் அஞ்சினாள். ஆகவே மேலோட்டமாக உறங்கவைத்து, தோளுக்கடியில் ஓடும் நரம்புகளைச் சுற்றி மருந்து செலுத்தி, அந்தக் காலை மட்டும் மரத்துப்போகச் செய்ய முயன்றாள். பூனை இனத்துக்கு அம்மருந்து சற்று மிகுந்தாலும் இதயம் நின்றுவிடும். எனவே இரண்டாவது ஊசிக்கு இடமில்லை.

இனி மருந்து பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அறுவை மருத்துவர் எசென்பெக்குக்கு வராதது அது ஒன்றுதான்.

"செம்மறி ஆட்டுக்கு ஊசி போட்ட கை, சிறுத்தைக்குப் போட்டிருக்கு. எதுக்கும் மயக்க கேஸைக் கொஞ்சம் கூட்டி வைம்மா, முடிச்சுட்டுப் போவோம்" என்றார், வெளியறைச் சன்னல் வழியாக.

"கூட்டினா இது எழுந்திரிக்காதுண்ணே."

இடுக்கியால் விரலிடுக்கைக் கிள்ளினாள். கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மூத்தவரிடம் அதற்குமேல் வாதாடும் வழக்கம் அவளுக்கு இல்லை. சன்னல் திண்டிலிருந்த குடுவையைச் சாய்த்து, கிண்ணத்தில் பாதியளவு தேநீர் ஊற்றி நீட்டினாள். அந்த ஊர் வழக்கில், பாதி ஊற்றினால் 'இன்னும் இருங்கள்' என்று பொருள். விளிம்புவரை ஊற்றினால் 'கிளம்பலாம்'. பாதிக் கிண்ணத்தோடு எழுந்து போகிறவர், ஊற்றிய கையை அவமதித்தவர் ஆவார்.

எசென்பெக் உட்கார்ந்தார். கிண்ணம் திரும்பி வந்தது; மறுபடியும் பாதி. கிள்ளினாள், கால் இலேசாக நடுங்கியது. மீண்டும் பாதி.

"பொண்ணு கேட்டு வந்தவனுக்குக்கூட இத்தனை தடவை ஊத்தமாட்டாங்கம்மா" என்று அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

அடுத்த முறை அழுத்திக் கிள்ளியும் கால் கிடந்தபடியே கிடந்தது. இதயத் துடிப்பும் மாறவில்லை. பெகிமாய் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினாள்.

அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சரி, விரட்டிட்டே." குடிக்காமலே திண்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

கத்தி தோலில் இறங்கியபோது அவள் கத்தியைப் பார்க்கவில்லை. திரையை மட்டுமே பார்த்தாள். துடிப்பு சீராகவே ஓடியது. முதல் விரல் துண்டானபோது எசென்பெக் கையை நிறுத்தி அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அதன்பின் அவர் கேஸைப் பற்றிப் பேசவே இல்லை.

மாலையில் கூண்டுக்குள் சிறுத்தை தலைதூக்கி உறுமியது. எசென்பெக் திண்டிலிருந்த நிறைகிண்ணத்தை எடுத்து, பாதியை வேறொரு கிண்ணத்தில் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"ஆறின டீதான். உட்காரும்மா."