ரோவீனாவுக்கு ஒரு ரிவால்வர்

கல்யாண மோதிரம் வாங்கப் போகிற பெண்கூட இத்தனை நேரம் எடுத்துக்கொள்ள மாட்டாள். கடைக்குள் நுழைந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கண்ணாடி மேசைமேல் விரித்த பச்சைத் துணியில் நாலு ரிவால்வர்கள் கிடந்தன. நாலுக்கும் ரோவீனா ஒவ்வொரு குற்றம் சொல்லியாகிவிட்டது. ஐந்தாவதை எடுக்கக் கடைக்காரி பெர்னடீன் முனகிக்கொண்டே குனிந்தாள்.

ரோவீனா இரண்டு கைகளையும் மழைக்கோட்டுப் பைகளுக்குள் விட்டபடி நின்றாள். பக்கத்தில் ஹார்லன் கிழவர், அவளுக்கு மாமனார் ஆகப் போகிறவர், வாயெல்லாம் பல்லாக நின்றார். நாற்பது வருஷம் அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் வெளியூர்க்காரர்களுக்கு மீன் பிடிக்க வழிகாட்டியவர். எழுபத்திரண்டு வயதிலும் படகைத் தனியாகத் தண்ணீரில் இறக்குவார்.

"பாத்துக்கோ பெர்னடீன், என் மூத்த மருமக வந்தா, கண்ணுல பட்ட மொதத் துப்பாக்கிய வாங்கிட்டுப் போனா. இவ பாரு, மீன்காரிகிட்ட மீன் வாங்குற மாதிரி செவுளத் தூக்கிப் பாக்குறா. இப்படித்தான் இருக்கணும்."

"உனக்கென்ன, நீ பல்லக் காட்டிட்டு நிப்ப. குனிஞ்சு நிமிர்றது நானு" என்றாள் பெர்னடீன்.

ரோவீனாவும் சிரித்து வைத்தாள். எந்தத் துப்பாக்கியும் அவளுக்குப் பிடித்துவிடக் கூடாது. பிடித்துவிட்டால் அடுத்து படிவம் வரும். படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: பெருங்குற்றம் எதற்காவது நீங்கள் எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா?

உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆரிகன் மாநிலத்தில். மீன் பதனிடும் ஆலையில் பெட்டி தூக்கி முதுகு போயிற்று. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போனது, மாத்திரை போகவில்லை. டாக்டர் நிறுத்தியதும் அவருடைய மருந்துச் சீட்டுப் புத்தகத்தைத் திருடி அவளே மருந்து எழுதிக்கொண்டாள். ஒன்பது சீட்டு. பதினான்கு மாதம் ஜெயில். வெளியே விடும்போது ஒரு அதிகாரி வாசித்துக் காட்டினார்: ஆயுசுக்கும் துப்பாக்கியைத் தொடக் கூடாது, ஒற்றைத் தோட்டாகூடக் கையில் இருக்கக் கூடாது. மாத்திரையை அன்றோடு விட்டாள். யாரும் பழங்கதை கேட்காத ஊர் என்று அலாஸ்காவுக்கு வந்தாள். இங்கே ஹார்லனின் மகன் டெல் கிடைத்தான்.

ஜெயிலில் போன அந்த வருஷத்தைப் பற்றி டெல் கேட்டபோது, நோயாளி அத்தையைப் பார்த்துக்கொண்டேன் என்றாள். சொன்னால் போய்விடுவானோ என்று முதல் மாதம் பயந்தாள். ஆறாம் மாதம் தாமதமாகிவிட்டதே என்று பயந்தாள். இப்போது இரண்டு வருஷம். செப்டம்பரில் கல்யாணம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். ரோவீனாவுக்கு வழியில் மட்டுமா, அடுப்படியிலும் பயம், படுக்கையிலும் பயம்.

டெல் தன் துப்பாக்கிகளை இரும்பு அலமாரியில் பூட்டிச் சாவியைத் தன்னோடு வைத்திருப்பான். "எனக்குத் துப்பாக்கின்னாலே நடுக்கம்" என்ற ஒரே பொய்யில் அவள் காலத்தை ஓட்டிவந்தாள். போன ஆகஸ்டில் அந்தப் பொய்க்கும் கேடு வந்தது. ஆற்றங்கரையில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பத்தடியில் ஒரு பழுப்புக் கரடி வந்து நின்றது. ஹார்லன்தான் கத்திக்கொண்டே ஓடிவந்து ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டினார். அதுவரை அவளோடு மழையைப் பற்றி மட்டுமே பேசிவந்த கிழவர், அன்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "இனிமே நீ வெறுங்கையோட ஆத்துக்குப் போகக் கூடாது பொண்ணே. நான் வாங்கித் தர்றேன்." அவருக்கு 'நீ என் மகள்' என்று சொல்லத் தெரியாது. ரிவால்வர் வாங்கித் தரத் தெரியும்.

பனிக்காலம் முழுக்கச் சாக்குச் சொன்னாள். கரடிமேல் பீய்ச்சும் மிளகாய்ப்பொடி டப்பா போதும் என்றாள். "எதிர்க்காத்துல அத அடிச்சா கரடிக்கு முன்னாடி உன் கண்ணுதான் போகும்" என்றார். இன்று காலை தலைவலி என்றாள். வாசலில் வண்டியை நிறுத்தி, காப்பியோடு ஒரு மணி நேரம் காத்திருந்தார். ஜூன் பிறந்து சால்மன் மீன் ஆற்றில் ஏறத் தொடங்கிவிட்டது. இனி தள்ளிப்போட முடியாது. வந்தாள்.

முதலில் காட்டியது பெரிய ரிவால்வர், ஐந்து குண்டுக்காரன். கனம் என்றாள்.

"நெசந்தான்" என்றாள் பெர்னடீன். "பாதிப் பேரு பெருமைக்காகப் பெரிசா வாங்குவான். இடுப்பு வலிக்குதுன்னு வண்டியிலயே வெச்சுட்டுப் போவான். போய் எடுத்துட்டு வாப்பா, நான் நிக்கிறேன்னு கரடி சொல்லுமா?"

இரண்டாவது, இறகு மாதிரி லேசானது. ஆனால் குண்டு பெரிது. "இவ்வளவு லேசா இருந்தா சுடும்போது கை உதறாதா?" என்றாள். ஹார்லன் தொடையைத் தட்டிக்கொண்டார். "பாத்தியா! உதறுமா? மணிக்கட்டே கழண்டுடும். ஒரு குண்டு சுட்டுட்டு ரெண்டாவதுக்கு யோசிப்ப. இது யாருமே சொல்லாம இவளுக்கே தோணுது பாரு." மூன்றாவதன் குழல் நீளம், உட்கார்ந்து தூண்டில் போடும்போது குத்தும். நாலாவதன் குழல் குட்டை, குறி நிற்காது. இரவெல்லாம் படுத்துக்கொண்டு போனில் படித்ததெல்லாம் கைகொடுத்தது. ஆனால் வினை எங்கே வந்தது என்றால், அவள் குற்றம் சொல்லச் சொல்ல ஹார்லனுக்கு அவள்மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. ஆப்பைப் பிடுங்கின குரங்கு கதைதான். இழுக்க இழுக்க வால் இறுகியது.

"ஏன் பிஸ்டல் பாக்கக் கூடாது?" என்று கடைசியாக ஒன்றை எடுத்துவிட்டாள்.

"ஈரக் கையி, செதில் ஒட்டின கையி. அதுல குண்டு சிக்கிக்கும். ரிவால்வர்னா அமுக்குனா வெடிக்கும், அவ்வளவுதான். நீ என்ன என்னையச் சோதிக்கிறியா?" என்று கிழவர் கண்ணடித்தார்.

ஐந்தாவது மேசைக்கு வந்தது. வெள்ளி நிறம், நாலங்குலக் குழல், கறுப்பு ரப்பர் பிடி, ஆறு குண்டு. பெர்னடீன் உருளையைத் தள்ளித் திறந்து காலி என்று காட்டினாள்.

"இதுவரைக்கும் ஒண்ணையும் நீ கையில வாங்கவே இல்ல. பாத்தே தள்ளிட்ட. இதப் பிடி."

"பாத்தாலே தெரியுதே."

"செருப்பப் பாத்தே வாங்குவியா? கால விட்டுத்தானே பாப்ப? பிடி."

பின்னால் தூண்டில் நூல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். ஹார்லன் அவள் முழங்கையை மெல்லத் தட்டினார். "பயப்படாதே. காலியாத்தான் இருக்கு. நான் இருக்கேன்ல."

கை பையை விட்டு வெளியே வந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த ஒன்று அந்த நிமிஷம் உடைந்தது. இரும்பு குளிர்ச்சியாக இருந்தது. கொடுமை என்னவென்றால், அது அவள் கைக்கென்றே வார்த்த மாதிரி பொருந்தியது. விரல் தானாக விசையின் ஓரத்தில் போய் நின்றது. கனமும் இல்லை, லேசும் இல்லை. ஒரு குற்றம், ஏதாவது ஒரு குற்றம் சொல்ல வேண்டும் என்று தேடினாள். ஒன்றும் வரவில்லை.

"இதுதான்" என்றார் ஹார்லன் தாழ்ந்த குரலில். "மொகத்தப் பாத்தாலே தெரியுது. நெஞ்சுல மாட்டுற தோல் உறையும் ஒண்ணு எடு பெர்னடீன். இடுப்பளவுத் தண்ணியில நின்னாலும் நனையாது."

பெர்னடீன் படிவத்தையும் பேனாவையும் மேசைமேல் தள்ளினாள். "பேரு, பொறந்த தேதி, விலாசம். அப்புறம் கட்டத்துல எல்லாம் 'இல்ல', 'இல்ல'ன்னு போட்டுட்டு வா."

ரோவீனா ரிவால்வரைத் துணியின்மேல் வைத்துவிட்டுப் படிவத்தைப் பார்த்தாள். எழுத்துகள் பூச்சி மாதிரி ஊர்ந்தன. 'இல்லை' என்று போட்டால் அது இன்னொரு ஜெயில். 'ஆம்' என்று போட்டால் பெர்னடீன் வாசிப்பாள், ஊர் வாசிக்கும். திரும்பி ஓடினால் கிழவர் பின்னாலேயே வருவார். வாசல் பத்தடியில் இருந்தது, திறந்தே கிடந்தது. ஆனாலும் அவளுக்கு வழியில்லை.

"கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றாள். "இன்னொரு நாள் வருவோமே."

"இதுக்கா? கொடு, நான் போடறேன்" என்று ஹார்லன் பேனாவை எடுத்தார். "என் காசு, என் பேருல வாங்குறேன். பரிசாக் குடுத்துட்டுப் போறேன். குடுக்கலாம்ல?"

"தாராளமாக் குடுக்கலாம்" என்றாள் பெர்னடீன். "கேக்கறது என் கடமை. வாங்கிக்கிறவங்க துப்பாக்கி வெச்சுக்கக் கூடாதவங்கன்னு தெரிஞ்சே குடுத்தா நீயும் மாட்டுவ. அப்படி ஒண்ணும் இல்லியே?"

ஹார்லன் உரக்கச் சிரித்தார். "இவளா? மீனு மண்டையில தட்டச் சொன்னா மன்னிப்புக் கேட்டுட்டுத் தட்டுறவ! இவளுக்காக நான் எங்க வேணா கையெழுத்துப் போடுவேன்."

பேனா முனை தாளில் பட்டது. ஹெச் என்று முதல் எழுத்து விழுந்தது. ரோவீனா அதைப் பார்த்தாள். தன் பொய் இதுவரை தன் கழுத்தில் மட்டும்தான் கிடந்தது. இப்போது இந்தக் கிழவர் தன் நல்ல பெயரை எடுத்து அதன்மேல் எழுதிக்கொண்டிருந்தார். அவள் உள்ளங்கையைத் தாளின்மேல் வைத்தாள்.

"எழுதாதீங்க ஹார்லன்."

"என்ன பொண்ணே?"

"நான் ஜெயில்ல இருந்தவ. பதினாலு மாசம். கள்ளச் சீட்டு எழுதி மாத்திரை வாங்கினேன். எனக்கு நீங்க இதக் குடுக்கக் கூடாது."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் தூண்டில் நூல் பார்த்தவர்களின் பேச்சு நின்றது. பெர்னடீன் ரிவால்வரைத் துணியோடு சுருட்டி எடுத்துக் கீழே வைத்தாள். படிவத்தை நாலாகக் கிழித்தாள். ஹார்லன் பேனாவை மூடி வைத்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, இரண்டு முறை அமுக்கினார். பிறகு "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"டெல்லுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் பேனாவ எடுக்கலேன்னா எப்பச் சொல்லியிருப்ப?"

ஏதாவது நல்ல பதிலாகச் சொல்ல ஆசைதான். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபமா, வருத்தமா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. திட்டிவிட்டால்கூட நன்றாயிருக்கும் என்று நினைத்தாள்.

அப்போது அவருடைய போன் அடித்தது. டெல். வடக்கே எண்ணெய் வயலில் பதினைந்து நாள் வேலை, வெள்ளிக்கிழமைதான் வருவான். இன்று கடைக்குப் போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஹார்லனுக்குக் காது மந்தம், அதனால் எப்போதும் போல போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னப்பா, எது எடுத்தா? சொல்லு, சொல்லு. இங்க எல்லாரும் பந்தயம் கட்டிட்டு ஒக்காந்திருக்கானுங்க" என்றது டெல்லின் குரல். பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஹார்லன் முன்கண்ணாடியைப் பார்த்தார்.

"ஒண்ணும் எடுக்கல. எதுவும் அவ கைக்குச் சரிப்படல. அப்புறம் பாக்கலாம்."

"அவ்வளவு பெரிய கடையில ஒண்ணுகூடவா?"

"இல்லேன்னா இல்லதான். வைடா" என்று போனை அணைத்துவிட்டார்.

போன் அவர் மடியில் கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்தார்.

"அவங்கிட்ட நான் பொய் பேசினதே இல்ல" என்றார். "அவங்கம்மாவுக்குப் புத்துநோய்னு தெரிஞ்சப்ப அவனுக்குப் பதினோரு வயசு. அப்பக்கூட உள்ளதச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னால முடியும். அதுக்கு மேல கேக்காத பொண்ணே."

ரோவீனாவுக்கு நாலு நாள் கிடைத்திருக்கிறது. அந்த நாலு நாளும் இந்த மனிதர் தன் மகன் போன் செய்யும்போதெல்லாம் இப்படிக் கண்ணாடியைப் பார்ப்பார். அவளைத் தப்பிக்க வைக்க அவர் அவள் பொய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டார், கதவையும் சாத்திக்கொண்டார்.

அவர் மடியிலிருந்து போனை எடுத்தாள். கடைசியாகப் பேசிய எண்ணை அழுத்தினாள். ஹார்லன் தடுக்கவில்லை.

"என்னப்பா, மறந்துட்டியா?" என்றான் டெல்.

"அப்பா இல்ல, நான்தான். அப்பா இப்ப உங்கிட்டப் பொய் சொன்னாரு டெல். எனக்காகச் சொன்னாரு. அவர ஒண்ணும் சொல்லாத. அங்க எங்கயாவது ஒக்கார இடம் இருந்தா ஒக்காரு."

இயந்திரச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது.

"ஒக்காந்துட்டேன்" என்றான் டெல். "சொல்லு."