ஆனந்தராஜ் தள்ளிப்போட்ட தேதி

பத்தாயிரம் வாலா வெடித்த சத்தத்தில் தெரு நாய்களெல்லாம் தண்டவாளத்துப் பக்கம் ஓடிப்போயின.

"யாருய்யா செத்தது?" என்றார் டீக்கடையில் ஒருவர்.

"வாயக் கழுவு. நம்ம சவுரிராயன் பொண்ணு வந்திருக்குது, ஆப்பிரிக்காவுலேர்ந்து!"

திண்டிவனத்தின் கடைசித் தெரு அது. தெருமுனையில் ஃப்ளெக்ஸ் நின்றது. 'ஆப்பிரிக்க மக்களின் உயிர் காத்த எங்கள் காலனியின் கண்மணி டாக்டர் அஸ்வினி எம்.பி.பி.எஸ். அவர்களே, வருக!' அதில் பச்சை கவுனும் முகக்கவசமுமாக அஸ்வினி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். ஃப்ளெக்ஸ் வைத்த அறிவுச்செல்வனின் முகம் அவள் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது.

கொத்தனார் சவுரிராயனுக்கு அன்று கால் தரையில் படவில்லை. மகள் படிப்பை முடித்த கையோடு ஒரு சேவைக் குழுவில் சேர்ந்து, சாலையே இல்லாத மலைக்கிராமத்தில் ஒரு மாதம் வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறாள். விமான நிலையத்துக்கு அனுப்பிய காரின் முன்னால் மாலை கட்டி, பக்கவாட்டில் ரிப்பன் ஒட்டி, கல்யாண வண்டி போல ஆக்கியிருந்தார்கள்.

அஸ்வினி கார் கதவைத் திறந்தாள். ஆரத்தித் தட்டை இடித்துக்கொண்டு அத்தை பொன்னி வந்து விழுந்தாள். சவுரிராயனின் தங்கை.

"அஸ்வினி, ஜல்தி வா! மாமா விடியக்காலையிலேர்ந்து வாந்தி எடுத்துக்கினே இருக்கார்."

"இந்தா பொன்னி, ஆரத்தி எடுத்துட்டு…" என்று சவுரிராயன் தொடங்கினார்.

"உன் ஆரத்திய நீயே சுத்திக்கோ!"

நாலு வீடு தள்ளி, பாயில் சுருண்டு கிடந்தார் ஆனந்தராஜ். நெல்லும் வேர்க்கடலையும் ஏலம் போகிற கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். ஒரு வருடமாக அவருக்குக் குடலிறக்கம். தொடை இடுக்கில் ஒரு புடைப்பு. நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். இன்று போகவில்லை.

"வந்துட்டியா டாக்டரம்மா?" வியர்த்து வழிந்த முகத்தில் சிரிக்கப் பார்த்தார். "கத்திய தீட்டிக்கினு வந்தியா?"

அஸ்வினி தொட்டாள். வீடு அதிர அலறினார். புடைப்பு கல்லாக இருந்தது. மேல்தோல் சிவந்து மினுமினுத்தது. உள்ளே குடல் மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்க வேண்டும். இன்னும் நேரம் போனால் குடல் அழுகும். அழுகினால் ஆள் மிஞ்சுவது கஷ்டம்.

"விடிகாலையிலேர்ந்து இப்படியா? ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"நீதான் இன்னிக்கு வர்றியே," என்றாள் பொன்னி.

"போன மாசமே ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருந்தாங்களே மாமா?"

"குடுத்தாங்க. நான்தான் போகல." ஆனந்தராஜ் மூச்சு வாங்கினார். "நீதான் பண்றேன்னியே."

சொல்லியிருந்தாள். அந்த மலைக்கிராமத்தில் ஒரு பள்ளிக்கூட அறையைத்தான் ஆபரேஷன் தியேட்டர் ஆக்கியிருந்தார்கள். அதன் வாசலில் நின்று வீடியோ கால் பேசினாள். "இன்னிக்கு ஒரு ஹெர்னியா நானே பண்ணேன் மாமா! கடைசித் தையல் வரைக்கும் நான்தான்." அப்படியானால் எனக்கும் நீயே பண்ணிவிடு என்றார் அவர். "வந்து பண்ணிட்டாப் போச்சு!" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

அவளுக்கு அது விளையாட்டு. அவருக்கு அது டாக்டர் கொடுத்த வாக்கு. வம்சத்தில் முதல் டாக்டர் வீட்டில் இருக்கும்போது வேறு ஒருவர் கத்திக்குப் போய்ப் படுத்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன மரியாதை? 'எங்க வூட்டு டாக்டரு பண்ணும்' என்று கமிட்டி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அதற்கப்புறமும் மூட்டை தூக்கினார்.

"அப்பா, கார எடுக்கச் சொல்லுங்க. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடணும்."

பின் சீட்டில் ஆனந்தராஜை மடியில் சாய்த்துக்கொண்டாள் பொன்னி. அஸ்வினி அவர் கால்மாட்டில் ஒண்டிக்கொண்டாள், சவுரிராயன் முன்னால் ஏறினார். மாலை காற்றில் படபடக்க, விழுப்புரம் சாலையில் கார் பறந்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒரு குழந்தை மாப்பிள்ளை பெண் எங்கே என்று எட்டிப் பார்த்தது.

"ஏண்டி அஸ்வினி," பொன்னி மெதுவாகக் கேட்டாள். "அங்க ஸ்கூல்ல வச்சுத்தானே பண்ணே? நம்ம காலனி ஸ்கூலும் லீவுல பூட்டித்தான் கெடக்குது. சாவி கேட்டா குடுப்பாங்க. எதுக்கு இவ்ளோ தூரம் இழுத்துக்கினு போறோம்?"

அஸ்வினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிளம்பிய நாளன்று அந்த மலைக்கிராமத்தில் ஒருத்தி ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடிவந்தாள். புருஷனின் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டதாம், காய்ச்சல் கொதிக்கிறதாம். மொழிபெயர்க்கும் ஆள் சொன்னார். குழுத் தலைவர் வாட்சைப் பார்த்தார். விமானத்தைப் பிடிக்க வேண்டும். ஜீப் நிற்கவில்லை. அது அஸ்வினி போட்ட தையல். அந்த ஆளின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் உடனே கிடைத்தது. அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டர் கலைப்பிரியா ஒரு நிமிடம்தான் பார்த்தார். தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டார்.

"மேடம், நானும் டாக்டர்தான். உள்ள இருக்கட்டுமா? ஹெர்னியா பண்ணியிருக்கேன்."

"எங்க?"

"வெளிநாட்டுல. சேவைக்குப் போயிருந்தேன்."

"எம்.எஸ். முடிச்சாச்சா?"

"இல்ல… எம்.பி.பி.எஸ்."

கலைப்பிரியா அவளை மேலும் கீழும் பார்த்தார். "வெளிய உக்காருங்கம்மா."

கதவு சாத்திக்கொண்டது. சற்றுத் தள்ளி நின்றிருந்த பொன்னியின் காதில் எல்லாம் விழுந்திருந்தது. சுவரோரம் போய்க் குந்தினாள்.

சவுரிராயனின் போன் அடித்தது. அறிவுச்செல்வன்.

"அண்ணே, மைக் செட்டு, சேரு எல்லாம் ரெடி. டாக்டரம்மாவ எப்பண்ணே கூட்டிக்கினு வர்றீங்க? பிரியாணி ஆறிக்கினு இருக்குது."

"நீயே தின்னுடா!" என்று போனை அணைத்தார். இந்த ஒரு மாதமும் மகளின் படங்களைப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிய போன் அது.

சாயங்காலம்தான் கலைப்பிரியா வெளியே வந்தார்.

"குடல் கறுத்துப்போயிருந்தது. அந்தப் பகுதிய வெட்டி எடுத்துட்டோம். ரத்தத்துல கிருமி கலந்திருக்கு. ரெண்டு மூணு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும். பிழைச்சாலும் மூட்டை தூக்குறத மறந்துடணும்." போனவர் நின்று திரும்பினார். "தேதி குடுத்திருந்தாங்களாமே? அன்னிக்கு வந்திருந்தா சின்ன ஆபரேஷன். மறுநாளே நடந்து வீட்டுக்குப் போயிருப்பார். யாரு தள்ளிப்போடச் சொன்னது?"

சவுரிராயன் மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். டாக்டர் போய்விட்டார்.

பொன்னி எழுந்து வந்து அஸ்வினிக்கு முன்னால் நின்றாள். அழவில்லை. முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"அந்தம்மா உன்ன உள்ளயே விடல."

"ஆமா அத்தை."

"இன்னும் படிக்கணுமா நீ, இதப் பண்றதுக்கு?"

"மூணு வருஷம்."

"உன்ன நம்பித்தான்டி அந்த மனுசன் பாயில கெடந்தாரு. பண்ணத் தெரியும்னா இங்க ஏன் பண்ணல? தெரியாதுன்னா அங்க எப்படிடி பண்ணே?"

அஸ்வினியின் உதடு கோணியது. அப்பாவும் தன்னைப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அங்க எவன் செத்தாலும் எங்கள வந்து கேக்க ஆள் இல்ல அத்தை."