வெளிச்சம் வந்த அன்று மைனி சொன்னது

எங்கள் ஊரில் எதையும் ஒழுங்காகப் பார்க்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது. பஸ் போர்டை வாசிக்காமல் ஏறிவிட்டுக் கண்டக்டரிடம் சண்டை பிடிப்பார்கள். அப்பேர்ப்பட்டவர்கள் வானத்தைப் பார்த்து என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? இருந்தாலும் அன்றைக்கு நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தக்கலையில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுகிற ஒரு ஆபீஸில் டைப் அடிக்கிறேன். இருபத்திநாலு வருஷமாக அதே நாற்காலி. பிப்ரவரி மாதம், சாயங்காலம் ஆறரை மணி பஸ்ஸில் வந்து இறங்கி, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குள் வருகிறேன். மைனி, அதாவது என் அண்ணன் செல்வதாஸின் மனைவி ராகேல், கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கிழக்கே தென்னைகளுக்கு மேலே ஒரு வெளிச்சம் ஏறியது. சும்மா ஏறவில்லை. பின்னால் வெள்ளையும் நீலமுமாக ஒரு புகை, சேலையை உதறி விரித்த மாதிரி அகலமாகிக்கொண்டே போனது.

எதிர்வீட்டு மொட்டைமாடியில் காலேஜில் படிக்கிற இந்துஜா துள்ளினாள். "அக்கா, யூஎஃப்ஓ! பறக்கும் தட்டு! மேல பாருங்க!" டீக்கடைத் தாணுமாலயன் அண்ணாச்சி வடைக் கரண்டியோடு ரோட்டுக்கு வந்துவிட்டார். பத்துப் பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "ஏலியன்தாம்ல, சந்தேகமே இல்ல" என்று ஒருத்தன் கத்தினான்.

மைனிக்கு ஏலியனும் தெரியாது, தட்டும் தெரியாது. முப்பது வருஷமாகக் கன்வென்ஷன் பந்தலில் உட்கார்ந்து, கர்த்தர் மேகத்தில் வருவார் என்று கேட்டவள். துணியெல்லாம் மண்ணில் விழ, முழங்கால் போட்டுவிட்டாள்.

"ஆண்டவரே, வந்திட்டீரா! நேசத்துக்க கலியாணத்த மொடக்கினது நாந்தான். அந்த மாப்பிள வீட்டுக்கு மொட்டக் கடுதாசி எழுதிப் போட்டது நாந்தான். என்னைத் தள்ளிப் போடாதயும், ஆண்டவரே!"

நேசம் என்பது நான். நேசபாய். தோளில் பையோடு நாலு அடி தள்ளி நிற்கிறேன். என்னை அவள் பார்க்கவேயில்லை.

ஐந்து நிமிஷத்தில் வெளிச்சம் கரைந்துபோனது. இந்துஜா போனை நோண்டிவிட்டு, மிட்டாயைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி முகத்தோடு சொன்னாள். "சே, ராக்கெட்டாம். சாட்டிலைட் விட்டிருக்காங்க." ரோட்டில் ஒரே சிரிப்பு. மைனி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள். "துணியெல்லாம் நாசமாப் போச்சு, இனி முதல்லேருந்து அலசணும்" என்று வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

இருபத்தொரு வருஷத்துக்கு முந்திய கதை அது. சிதறாலிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க். வந்தார்கள், சாப்பிட்டார்கள், சிரித்துப் பேசினார்கள், நிச்சயத்துக்கு நாளும் குறித்தார்கள். பத்தாம் நாள் அவர்கள் அனுப்பிய ஆள் வந்து "இது சரிப்படாது" என்றார். காரணம் சொல்லவில்லை. அம்மா அந்தக் காரணத்தைத் தேடித் தேடியே செத்துப்போனாள். நான் கண்ணாடியில் தேடினேன். பல் கொஞ்சம் எடுப்பு, அதுதான் என்று முடிவுகட்டினேன். நிறமாக இருக்கும் என்று ஒரு வருஷம் நினைத்தேன், நடையாக இருக்கும் என்று இன்னொரு வருஷம். பிறகு வந்த இரண்டு வரன்களை நானே வேண்டாம் என்றேன். மறுபடியும் ஒருத்தர் வந்து பார்த்துவிட்டுக் காரணம் சொல்லாமல் போவதைத் தாங்கிக்கொள்ளத் தெம்பில்லை.

மறுநாள் காலையில் மைனி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"மைனி, அந்தக் கடுதாசியில என்ன எழுதினீங்க?"

"எந்தக் கடுதாசி?"

"நேத்து முட்டுகுத்தி நின்னு சொன்னீங்களே, அது."

"அது பயத்துல வாயில என்னமோ வந்துது பிள்ளே. அதான் ராக்கெட்டுன்னு சொல்லியாச்சே! பின்ன என்னத்துக்கு அதப் போட்டு கிண்டுத?"

எப்படி இருக்கிறது நியாயம்! வந்தவர் கர்த்தர் என்றால் சொன்னது சத்தியம், வந்தது ராக்கெட் என்றால் சொன்னது உளறல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் துருவலை அப்படியே அவள் தலையில் கொட்டியிருக்க வேண்டும். ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் கொட்டவில்லை.

அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அண்ணன் மகள் ஜெப்சிக்குக் கல்யாணம் ஒத்துவந்திருந்தது. மாப்பிள்ளை சிஜோ, இரணியல் பக்கம். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தகப்பன்மார் பெயர் எல்லாம் வாசித்துவிட்டு, இந்த விவாகத்துக்குத் தடை உண்டென்று யாராவது அறிந்திருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று போதகர் சொல்லி, கொஞ்சம் நிறுத்துவார். பிறந்ததிலிருந்து எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன், ஒரு ஆளும் எழுந்ததில்லை. அந்த நிறுத்தத்தில் பெண்கள் சேலையைச் சரிசெய்வார்கள். அன்றைக்கு மைனி மட்டும் இரண்டு வரிசைக்கு முன்னாலிருந்து முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

ஜெப்சியைக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, கணக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்தது இந்தக் கை. அந்தப் பிள்ளைக்கு நான் கேடு செய்வேன் என்று நினைக்கிறாளே!

அந்த வாரம் முழுக்க மீன்தலை என் தட்டில்தான் விழுந்தது. வெந்நீர் போட்டு வைத்தாள். கால் தடவ எண்ணெய் காய்ச்சித் தந்தாள். இரண்டாம் ஓலைக்கு என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஓடப் பார்க்கிற மறியாட்டைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தாள். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, அரை நாள் லீவில் வந்து படுத்திருந்தேன். மைனி கட்டில் ஓரத்தில் வந்து நின்றாள்.

"நேசம், நாளைக்கு ஒண்ணும் சொல்லப்பிடாது, கேட்டியா. பிள்ளைக்க வாழ்க்க."

"எனக்கு அவ பிள்ள இல்லியா? நான் ஒங்கள மாதிரியா மைனி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் முதல்தடவையாக அதை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

"ஒண்ணும் சொல்லமாட்டேன். ஓலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. கடுதாசியில என்ன எழுதினீங்க, அத மட்டும் சொல்லுங்க. நான் அறியணும். எதக் கேட்டு அவங்க என்னை வேண்டாம்னாங்கன்னு எனக்கு அறியணும்."

"நாளைக்கு ஓலை முடியட்டு. சத்தியமாட்டு சொல்லுதேன்."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. இத்தனை வயசுக்கு மேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு மனசு, தெரியாமல் சாக மாட்டேன் என்று ஒரு மனசு.

மூன்றாம் ஓலை வாசித்தாயிற்று. போதகர் நிறுத்தினார். மைனியின் கை என் கையின் மேல் ஐஸாகக் கிடந்தது. எங்கோ ஒரு குழந்தை அழுதது, பாட்டு நம்பர் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆராதனை முடிந்து ஜெப்சியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. நான் மைனியைச் சர்ச்சுக்குப் பின்னால் அயனி மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"சொல்லுங்க."

மைனி முந்தானையால் வாயைத் துடைத்தாள். "அப்ப ஒங்கண்ணன் மரத்துலேருந்து விழுந்து ஆஸ்பத்திரியில கெடக்காரு. ஜெப்சிக்கு ரெண்டு வயசு, காச்சல். ஒனக்க சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. நீயும் கெட்டிப் போயிட்டா நாங்க என்ன செய்வோம்னு எனக்கு ஒரே பயம். பயம் மட்டுந்தான் பிள்ளே, ஒம்மேல ஒரு கோவமும் கெடையாது. நோட்டுலேருந்து பேப்பர் கிழிச்சேன். எழுத்து தெரியப்பிடாதுன்னு இடது கையால எழுதினேன். பச இல்ல, சோத்துப் பருக்கைய வச்சு ஒட்டினேன். போஸ்ட் பெட்டியில போடும்ப மழ."

"என்ன எழுதினீங்க?"

"நாலு வரி."

"அந்த நாலு வரி என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது. தேடுகிறாள், நிஜமாகவே தேடுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"ஓர்ம இல்ல பிள்ளே" என்றாள். "சத்தியமாட்டு ஓர்ம இல்ல. மூணு வாரமாட்டு ராவும் பகலும் நெனச்சுப் பாக்கேன், வரல்ல. என்னமோ ஒண்ணு எழுதினேன். அவ்வளவுதான்."

பொய்யாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும், பிடித்து உலுக்கியிருக்கலாம். மைனி மரத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். வாசல் பக்கமிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அழாதீங்க மைனி, ஆளுவ பாக்குது" என்று சொல்லி, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.