பதினாலாவது ஓடு

பதினாலாவது ஓட்டைக் கூரையின் ரீப்பர் கட்டையில் மாட்டுவதற்கு முன், ஓவியா செல்போனை எடுத்து அந்த இடைவெளியைப் படம் பிடித்தாள். காலையிலிருந்து மாற்றிய ஒவ்வொரு ஓட்டுக்கும் அப்படித்தான் செய்தாள். ஓட்டின் அடியில் சாக்பீஸால் எண், ரீப்பரில் கரையான் இல்லை என்று காட்ட ஒரு படம், பிறகு ஓடு. வெள்ளிக்கிழமை பேங்க் இன்ஜினியர் வந்து கூரை சரி என்று எழுதினால்தான் சண்முகராஜுக்கு லோன் கிடைக்கும். லோன் கிடைத்தால்தான் அவர் வீட்டை வாங்குவார். வாங்கினால்தான் மதுரையில் அம்மாவுக்குச் சிறுநீரக ஆபரேஷன். ரெண்டு மாதத்துக்கு மேல் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இடைவெளிக்கு நேர் கீழே அப்பா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். காலையிலிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், நெஞ்சு கரிக்கிறது என்று கொஞ்ச நேரம் முன்புதான் உள்ளே போனார். முகத்தில் வெயில் விழ, கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"மூஞ்சில அடிக்குது ஆத்தா. மூடிரு."

"இந்தா முடிஞ்சதுப்பா. இதான் கடைசி."

"பாத்து எறங்கு. ஏணியப் பிடிக்க ஆள் இல்ல."

மூடினாள். உட்கார விரித்திருந்த சாக்கைச் சுருட்டிக் கீழே போட்டு, ஒவ்வொரு படியாக இறங்கி, கை கழுவி உள்ளே போனபோது அப்பாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் அடைபட்டு அறை இருட்டாக இருந்தது. அவள் முதலில் ஃபேனைப் போட்டாள். காற்று பட்டால் எழுந்துவிடுவார் என்று நினைத்தாள்.

பெரியப்பா தங்கபாண்டி அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்தார். தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய தினசரி காலண்டருக்கு முன்னால் போய் நின்றார்.

"எத்தன மணிக்கு?"

ஓவியா பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. காலையில் தாள் கிழித்தவள் அவள்தான். பகல் 11.42 வரை திருவோணம், பின் அவிட்டம். அவிட்டத்தில் உயிர் போனால் அடைப்பு. வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போடச் சொல்வார்கள். வீடு அம்மா பேரில் இருந்ததால் பத்திரத்தில் சிக்கல் இல்லை. ஆனால் சண்முகராஜ் ராகு காலம் பார்க்காமல் கடை ஷட்டரைக்கூடத் தூக்காத ஆள். அடைப்பு வீட்டு வாசலில் நிற்கவே மாட்டார்.

"சரியாச் சொல்லு," என்றார் பெரியப்பா. "அடைப்புல போனவுக தனியாப் போக மாட்டாக. வீட்டுல ஒரு ஆளக் கூட்டிக்கிட்டுத்தான் போவாக. அதுக்குத்தான் கூரையப் பிரிச்சு வழி விடுறது."

இனி வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருத்தி டயாலிசிஸ் முடிந்து தேனியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் இல்லை. பொய் சொன்னால், வழி விடாத வீட்டுக்குள் அப்பா அம்மாவைத் தேடுவார். இதையெல்லாம் தான் நம்புவதில்லை என்றுதான் ஓவியா அன்று காலை வரை நினைத்திருந்தாள்.

"பதினொன்னரை பெரியப்பா. தண்ணி குடிக்க எறங்குனேன். அப்பவே..."

"பெறகு ஏன் இம்புட்டு நேரம்?"

"கை கால் ஓடல. பக்கத்துலயே உக்காந்துட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார்.

"புண்ணியவான். பன்னெண்டு நிமிசத்துல தப்பிச்சான்."

ஃப்ளெக்ஸ் அடிக்கப் படம் வேண்டும் என்று அவர் போனுக்குக் கை நீட்டியபோது ஓவியா அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எடுத்துத் தருவதாகச் சொல்லிப் புறவாசலுக்குப் போனாள். பதினாலாவது படத்தில், ரெண்டு ரீப்பருக்கு நடுவே, கையால் கண்ணை மறைத்தபடி அப்பா இருந்தார். நேரம் 12.04 என்று இருந்தது. அதை விட்டால் அவள் போனில் இருந்த அப்பா, போன வருஷப் பொங்கல் அப்பாதான். அழித்தாள். அழித்த படங்கள் போய்ச் சேரும் இடத்தைத் திறந்து அங்கேயும் அழித்தாள். நிரந்தரமாக அழிக்கவா என்று போன் கேட்டது. ஆம் என்பதை அழுத்தினாள்.

திருப்பூர் அத்தைக்காகக் காத்திருந்து மறுநாள்தான் எடுப்பதாக முடிவானது. விடிய விடிய ஓவியா அம்மாவின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். டயாலிசிஸுக்கு மறுநாள் அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிடும். இன்று வற்றவில்லை. காலையில் மூன்று தடவை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். மூன்று தடவையும் குழி விழுந்து அப்படியே நின்றது. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அம்மா யாரிடமும் பேசவே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு, அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர, நீர்மாலை எடுக்கக் கிளம்பினார்கள். கொட்டு முன்னால் போக, வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். கட்டில் கிடந்த அதே இடத்தில் ஃப்ரீசர் பெட்டி இருந்தது. தலைமாட்டில் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

ஓவியா ஏணியைச் சாத்தினாள். பிடிக்க ஆள் இல்லாமல் அது ஒவ்வொரு படிக்கும் ஆடியது. ஓடு கையைச் சுட்டது. பதினாலாவதை உருவி எடுத்தாள். அடியில் சாக்பீஸ் எண் கலையாமல் இருந்தது. வெயில் நேராகப் பெட்டியின் கண்ணாடியில் போய் விழுந்தது.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஓடு சரியாக உட்காரவில்லை என்று சொல்ல ஓவியா வாயைத் திறந்தாள்.

"ஒங்கப்பா பன்னெண்டு மணிக்கு எனக்குப் போன் போட்டாக," என்றாள் அம்மா. "ஓட்டு வேல முடியப் போகுது, நீ பதறாம மெல்ல வான்னாக."

கொட்டுச் சத்தம் திரும்பி வரத் தொடங்கியிருந்தது.

"பக்கத்து ஓட்டையும் எடு," என்றாள் அம்மா. "ஆளு போற அளவு வேணும்ல."

எடுத்தாள். ரெண்டு ஓடுகளையும் மடியில் வைத்துக்கொண்டு கூரை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே அம்மா கண்ணாடியில் படிந்திருந்த பனியை முந்தானையால் துடைத்தாள். பிறகு அப்பாவின் முகத்தில் வெயில் படாதபடி, பெட்டியின் மேல் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டாள்.