பெருவிரலில் கட்டிய கயிறு

செவ்வந்திக்கு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் நாள். மற்ற ஆறும் சும்மா கழிவதற்கு. கருணாபுரத்தில் தையல் மிஷினே கதியென்று கிடப்பவளிடம் அக்கம்பக்கத்தார் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ச் சாப்பிட்டாயா என்பார்கள். கன்னத்தில் கைவைத்துத் தூங்கினாயா என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்குப் பேச்சு வராது, பாவம். ஞாயிறு சாயங்காலம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனால்தான் அவளும் ஒரு மனுஷி. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து அவளைப் போலக் காது கேளாதவர்கள் வந்து, டீக்கடை வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து வட்டமாக நிற்பார்கள். கேலி, வம்பு, சண்டை, அழுகை எல்லாம் கையாலேயே நடக்கும்.

அந்த வட்டத்துக்குப் பெரியவர் மாதிரி இருசப்பன். சைக்கிள் கடை வைத்திருப்பவர். புருஷனைப் பறிகொடுத்து மூலையில் முடங்கியவளை மறுபடி வட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது அவர்தான். தையல் மிஷின் வாங்கித் தந்ததும் அவர்தான். ஒரு காலத்தில் அவளைப் பெண் கேட்டவர். அவளோ ராமனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்குப் பிறகு இருசப்பன் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, அந்தப் பேச்சையும் எடுத்ததில்லை.

ராமன் கல்வராயன் மலைக்காரன். அவனுக்கும் காது கேட்காது. பதினாலு வருஷத்துக்கு முன்னால், செவ்வந்தி சங்கராபுரத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயம், மலை வீட்டில் பட்டப்பகலில் அவனை யாரோ தலையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். கதவு உடையவில்லை, தாழ்ப்பாள் உள்ளேயிருந்து திறந்திருந்தது. யாரோ தட்டியிருக்கிறான், தெரிந்தவன் என்று இவன் திறந்திருக்கிறான் என்று போலீஸ் முடிவு கட்டியது. வரப்புத் தகராறு இருந்த பக்கத்துக் காட்டு ஆண்டியைப் பிடித்து உள்ளே தள்ளியது. காது கேளாதவன் தட்டின சத்தம் கேட்டுத் திறந்தானாம்! அந்த அறிவுக்கொழுந்துகளில் ஒருத்தருக்காவது இது உறைத்ததா? செவ்வந்தியைக் கேட்டிருக்கலாம். "அதுக்கு இன்னாங்க தெரியும், வாய் பேசாதது" என்று பெற்ற தாயே சொல்லிவிட்டாள். கதவு எப்படி இருந்தது என்று அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. ருசு இல்லாமல் ஆண்டி வெளியே வந்தான். ஆனால் ஊர் விடுமா? அன்றைக்கிருந்து அந்த மனுஷன் வீட்டில் யாரும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கள்ளக்குறிச்சி புது மாவட்டம் ஆன பிறகு பழைய வழக்குகளைத் தூசி தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் ராணியம்மாள் செவ்வந்தியைக் கூப்பிட்டனுப்பினார். கைப்பேச்சை எடுத்துச் சொல்லக் கமலா என்ற பெண்ணையும் வரவழைத்திருந்தார். கமலாவுக்குக் காது கேட்கும், ஆனால் அவளைப் பெற்றவர்களுக்குக் கேட்காது. அதனால் அவளுக்குக் கைதான் தாய்மொழி.

கதவு உடையாமல் திறந்திருந்ததைச் சொல்லி, மேசைமேல் பழைய போட்டோவை வைத்தார்கள். வாசற்படி ஓரம் ராமன் கிடந்தான். வலதுகால் பெருவிரலில் ஒரு கயிறு. மறுமுனை கதவிடுக்கு வழியாக வெளியே போயிருந்தது. செத்தவனுக்குக் கால் கட்டுவது வழக்கம்தானே, ஊர்க்காரன் எவனோ கட்டப்போய்ப் பாதியில் விட்டிருக்கிறான் என்று அன்றைக்கு எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள். செவ்வந்தி போய்ச் சேர்ந்தபோதோ இரண்டு பெருவிரலையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது.

இப்போது கயிற்றைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது சாவுக் கயிறு இல்லை. காது கேளாதவர்கள் தனியாகப் படுத்தால் காலில் கயிறு கட்டி, நுனியை வெளியே விட்டிருப்பார்கள். வருகிறவன் கயிற்றை இழுப்பான், படுத்தவன் எழுந்து திறப்பான். மலையில் குரங்குத் தொல்லை என்று ராமன் பகலிலும் தாழ் போட்டுத்தான் படுப்பான். ஆண்டிக்குக் கயிற்று விஷயம் எங்கே தெரியும்? வட்டத்தில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிலும் மலை ஏறி அந்த வீட்டுக்கு வந்து போனவர் ஒரே ஒருத்தர்.

அவள் கையால் பேசினாள். கமலா எடுத்துச் சொன்னாள்: "கதவு எப்பிடித் தொறந்துச்சுன்னு அக்காவுக்குத் தெரியுமாங்க. ஞாயித்துக்கெழம போவட்டும், சொல்றேன்னுது."

ராணியம்மாள் சரி என்றார்.

ஞாயிறன்று இருசப்பன் எப்போதும்போல அவளுக்கு டீ வாங்கி வைத்திருந்தார். அவரைத் தனியே கூப்பிட்டாள். ராமன் காலில் இருந்த கயிற்றை இழுத்தது நீங்கள்தானா என்று கையால் கேட்டாள். அவர் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். அவர் கை ஓய்ந்து அவள் பார்த்ததே இல்லை. பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து, டீக்கடை ஓரம் சிரித்துக்கொண்டிருந்த வட்டத்தைக் காட்டினார். இவர்களை விட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்கும் அழுகை வந்தது. அந்த டீயை அவள் தொடவில்லை.

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டாள். இருசப்பன் எதையும் மறுக்கவில்லை. அவளை ராமன் கட்டிக்கொண்டது ஆறாமல், நியாயம் கேட்கத்தான் போனாராம். சண்டை முற்றி, உலக்கை கைக்கு வந்துவிட்டதாம்.

அடுத்த ஞாயிறு பஸ் ஸ்டாண்டில் வட்டம் இருந்தது, அவளுக்கு இடம் இல்லை. செத்தவன் திரும்பி வரப்போகிறானா, நம் ஆளை நாமே காட்டிக்கொடுப்பதா என்று வட்டத்துத் தோழி பாப்பாத்தி மட்டும் கை வீசிக் கேட்டாள். செவ்வந்தி, ஆண்டியும் மனுஷன்தானே என்று கையைத் தூக்குவதற்குள் பாப்பாத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மற்றவர்கள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். அவர்களிடம் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அதற்கடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. மத்தியானம் கதவைத் தாழிட்டு, பெருவிரலில் கயிற்றைக் கட்டி, நுனியை வெளியே விட்டுப் படுத்தாள். பாப்பாத்தியாவது மனசு கேட்காமல் வருவாள் என்று ஒரு நப்பாசை. கயிறு அசையவில்லை. கண்ணயர்ந்துவிட்டாள்.

பொழுது சாயக் கதவைத் திறந்தால், படியில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே சாமை அரிசியும் ஒரு பாட்டில் மலைத்தேனும். எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் ஓடி வந்து சாடை காட்டினாள். தலைப்பாகை, நரைத்த மீசை. மலைப்பக்கம் கையைக் காட்டினாள். கதவைத் தட்டினான், தட்டினான் என்று காற்றில் முஷ்டியால் குத்திக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த ஆள் மூடின கதவைப் பார்த்துக் கும்பிட்டதையும், கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனதையும் காட்டினாள்.

செவ்வந்திக்குப் புரிந்தது. பதினாலு வருஷத்தில் அவளைத் தேடி வந்த முதல் வெளி மனுஷன் ஆண்டி. பைக்குப் பக்கத்திலேயே கயிற்றின் நுனி கிடந்தது. அதை ஒரு இழுப்பு இழுத்தால் போதும் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?